முல்லர்: மாவு ஆலையில் பிறந்து ஜெர்மனி முழுதும் பரவிய குடும்பப் பெயர்

ஜெர்மனியில் நூறு பேரை வரிசையில் நிறுத்தினால் அவர்களில் ஏறக்குறைய ஒருவரின் குடும்பப் பெயர் முல்லர் என்றிருக்கும். அந்நாட்டில் மிக அதிகமானோர் தாங்கும் பெயர் இதுதான். அண்டை நாடான சுவிட்சர்லாந்திலும் முதலிடம் இதற்கே. பினாங்கு, கூலிம், மலாக்கா ஆகிய இடங்களிலுள்ள ஜெர்மானிய நிறுவனங்களின் தொழிற்சாலைகளில் வேலை செய்வோர் மின்னஞ்சல்களில் இந்தப் பெயரைப் பார்த்துப் பழகியிருப்பார்கள். காற்பந்து பார்ப்பவர்களுக்குக் கெர்ட் முல்லரும் தாமஸ் முல்லரும் தெரியும். இந்தியவியல் படித்தவர்களுக்கு மாக்ஸ் முல்லர் தெரியும். இவர்கள் ஒரே குடும்பமா என்று கேட்பவர்கள் உண்டு. இல்லை. ஒருவருக்கொருவர் எந்த உறவும் கிடையாது. உறவே இல்லாத இத்தனை பேருக்கு ஒரே பெயர் எப்படி அமைந்தது என்பதில்தான் இந்தப் பெயரின் வரலாறு இருக்கிறது.

பொருளும் உச்சரிப்பும்

முல்லர் என்றால் மாவு ஆலை நடத்துபவர். தானியம் அரைக்கும் ஆலைக்கு ஜெர்மன் மொழியில் 'மியூலெ' என்று பெயர். இது ஜெர்மன் மொழியிலேயே பிறந்த சொல் அல்ல; லத்தீன் மொழியின் 'மோலினா'விலிருந்து வந்தது. தண்ணீர்ச் சக்கரத்தால் ஓடும் ஆலையை ரோமானியர்களிடமிருந்து கற்றுக்கொண்ட ஜெர்மானியர்கள், பொருளோடு சொல்லையும் சேர்த்து எடுத்துக்கொண்டார்கள். ஆலைக்காரரைக் குறித்த 'மோலினாரியஸ்' என்ற லத்தீன் சொல் பழைய ஜெர்மனில் 'முலினாரி' ஆகி, இடைக்காலத்தில் 'மியூல்னெர்' ஆகி, நடுவிலிருந்த 'ன்' தேய்ந்து இன்றைய வடிவத்துக்கு வந்தது.

தமிழில் முல்லர் என்று எழுதினாலும் அசல் உச்சரிப்பு அதுவல்ல. 'உ' சொல்லும்போது உதட்டைக் குவிப்பது போலக் குவித்துக்கொண்டு 'இ' என்று ஒலிக்க வேண்டும். தமிழிலோ மலாயிலோ ஆங்கிலத்திலோ அந்த ஒலி இல்லை. ஜெர்மானியர்கள் 'யு' எழுத்தின் தலையில் இரண்டு புள்ளி வைத்து அதைக் காட்டுகிறார்கள். புள்ளி வைக்க வழியில்லாத இடங்களில் 'யு'வுக்குப் பின்னால் ஓர் 'ஈ' சேர்த்து எழுதுவது வழக்கம். ஜெர்மன் கடப்பிதழில் இரண்டையும் காணலாம்: மேலே புள்ளி வைத்த வடிவம், அடியில் இயந்திரம் வாசிக்கும் வரியில் 'ஈ' சேர்த்த வடிவம். ஒரே ஆளுக்கு இரண்டு எழுத்துக்கூட்டல் இருப்பதால் விமான டிக்கெட்டிலும் விசாவிலும் குழப்பம் வருவதுண்டு. பாரத்தில் 'ஏ/எல்', 'ஏ/பி' எங்கே போடுவது என்று குடிநுழைவு முகப்பில் நின்று யோசித்தவர்களுக்கு இது புதிய தொல்லையாகத் தெரியாது.

வட்டாரத்துக்கு வட்டாரம் இந்தப் பெயரின் வடிவமும் மாறும். வட ஜெர்மனியில் 'மொல்லர்' என்பார்கள். தெற்கே பவேரியாவிலும் ஆஸ்திரியாவிலும் பழைய 'ன்' போகாமல் நின்று 'மியூல்னர்' என்ற வடிவம் உண்டு. தெற்கின் சில பகுதிகளில் உதடு குவியாமல் 'மில்லர்' என்றே ஒலிக்கும். படித்தவர்கள் தங்கள் பெயரை லத்தீனில் மாற்றிக்கொள்வது நாகரிகமாக இருந்த 15, 16ஆம் நூற்றாண்டுகளில் சில முல்லர்கள் 'மோலிட்டோர்' ஆனார்கள், அதே பொருள்தான். எல்லை தாண்டினால் டச்சுக்காரர்களின் முல்டர், ஹங்கேரியர்களின் மோல்னார், இத்தாலியர்களின் மோலினாரி, பிரெஞ்சுக்காரர்களின் மியூனியே, ஆங்கிலேயர்களின் மில்லர் எல்லாம் ஆலைக்காரர்களே.

தொழில் எப்போது பெயரானது?

மலேசியத் தமிழர்களின் அடையாள அட்டையில் தன் பெயரும் தந்தை பெயரும் இருக்கும்; அடுத்த தலைமுறையில் தந்தை பெயர் மாறிவிடும். குடும்பப் பெயர் அப்படி மாறாது. கொள்ளுத் தாத்தாவிடமிருந்து கொள்ளுப் பேரன் வரை அது ஒன்றே. ஜெர்மானியர்களுக்கும் ஆதியில் இந்த ஏற்பாடு கிடையாது. ஒருவருக்கு ஒரே பெயர்தான். 12ஆம் நூற்றாண்டில் கொலோன் போன்ற நகரங்கள் பெருத்தபோது, ஒரே தெருவில் பத்து யோஹானஸ், பத்து ஹைன்ரிஷ் என்று ஆகிவிட்டது. வரி எழுதவும் சொத்துப் பத்திரம் எழுதவும் எந்த யோஹானஸ் என்று காட்ட வேண்டியிருந்தது. எழுத்தர்கள் பக்கத்தில் ஓர் அடையாளம் சேர்த்தார்கள்: அப்பா பெயர், வந்த ஊர், குடியிருந்த இடம், உடல்வாகு, செய்யும் தொழில். ஆலைக்கார யோஹானஸ், 'யோஹானஸ் முல்லர்' ஆனார். மகன் ஆலையை ஏற்று நடத்தியபோது பெயரும் அவனுக்கு வந்தது. பேரன் வேறு தொழிலுக்குப் போனான். பெயர் மட்டும் ஒட்டிக்கொண்டது.

இந்த மாற்றம் எல்லா இடத்திலும் ஒரே வேகத்தில் நடக்கவில்லை. வடகோடியிலுள்ள கிழக்கு ஃபிரிஸ்லாந்தில் 19ஆம் நூற்றாண்டு தொடங்கிய பிறகும் தந்தை பெயரையே பின்னால் சேர்த்துக்கொண்டிருந்தார்கள், தலைமுறைக்குத் தலைமுறை மாற்றி, தமிழர்களைப் போலவே. 1811ல் அப்பகுதி நெப்போலியனின் ஆட்சியின்கீழ் இருந்தபோதுதான் நிலையான குடும்பப் பெயர் வைத்தாக வேண்டும் என்ற ஆணை வந்தது. மற்ற இடங்களில் அதற்கு முன்பே பெயரை இஷ்டம் போல மாற்றுவதற்குத் தடை வந்துவிட்டது. பவேரியாவில் 1677ல், பிரஷ்யாவில் 1794ல். 1876 முதல் நாடு முழுவதும் பிறப்பு, திருமணம், இறப்பு எல்லாம் அரசாங்கப் பதிவேட்டில் ஏறின. அன்று எழுதிய எழுத்துக்கூட்டலே இன்றுவரை நிற்கிறது.

தொழில் பெயர்கள் பரவலாக வென்றன என்பதற்கு முன்வரிசைப் பெயர்களைப் பார்த்தாலே போதும். முல்லருக்கு அடுத்த இடம் ஷ்மிட், கொல்லர். ஷ்னைடர் தையற்காரர், ஃபிஷர் மீனவர், வெபர் நெசவாளர், வாக்னர் வண்டி செய்பவர், பெக்கர் ரொட்டி சுடுபவர். மாயர் என்பவர் பண்ணையைப் பார்த்துக்கொண்ட காரியக்காரர். ஷுல்ஸ் ஊர்த் தலைவர். செப்பாங் பந்தயத் தடத்தில் 2000, 2001, 2004 ஆகிய ஆண்டுகளில் வென்ற மைக்கல் ஷுமாக்கரின் பெயருக்குச் செருப்பு தைப்பவர் என்று பொருள். உலகின் மிக வேகமான கார் ஓட்டிய அவரை யாரும் அந்தப் பொருளில் நினைப்பதில்லை.

அந்தக் காலத்தில் மக்களில் மிகப் பெரும்பாலோர் விவசாயிகள். அப்படியானால் விவசாயி என்று பொருள்படும் 'பாவர்' அல்லவா முதலிடத்தில் இருக்க வேண்டும்? காரணம் எளிது. ஊரே விவசாயம் செய்யும்போது 'விவசாயி ஹைன்ரிஷ்' என்றால் யாரையும் அடையாளம் காட்டாது. ஆலை ஊருக்கு ஒன்றுதான், சில இடங்களில் இரண்டு மூன்று ஊர்களுக்குச் சேர்த்து ஒன்று. ஆலைக்காரர் என்றால் அந்த ஒருவர்தான். கொல்லுப்பட்டறையும் அப்படியே. ஒவ்வோர் ஊரிலும் ஒரே ஒருவர் இருந்த தொழிலே நாடு முழுதும் லட்சக்கணக்கானோரின் பெயரானது.

மதிப்பில்லாத தொழில்

இன்று ஜெர்மனியில் முல்லர் என்ற பெயரைச் சொல்ல யாரும் கூச்சப்படுவதில்லை. ஆனால் பெயர் பிறந்த காலத்தில் அந்தத் தொழிலுக்கு இருந்த மரியாதை வேறு.

ஆலை நிலப்பிரபுவின் சொத்து. பல வட்டாரங்களில் அந்தப் பகுதி விவசாயிகள் குறிப்பிட்ட ஆலையில்தான் அரைக்க வேண்டும் என்ற கட்டாயம் இருந்தது. வேறு ஆலைக்குப் போனால் தண்டம். ஆலைக்காரர் கூலியைப் பணமாக வாங்காமல் தானியத்திலேயே எடுத்துக்கொள்வார். பதினாறில் ஒரு பங்கு என்பது பரவலான அளவு. தானியம் மாவாகும்போது எடை எவ்வளவு குறையும், தவிடு எவ்வளவு போகும் என்பது அரைப்பவருக்குத்தான் தெரியும். விவசாயிக்குச் சந்தேகம் வராமல் இருக்குமா? பால் நிறுக்கும்போது தராசின் முள்ளையே பார்த்துக்கொண்டு நின்ற தோட்டப்புறத்துப் பெரியவர்களுக்கு அந்த மனநிலை புரியும். ஆலைக்காரன் திருடன் என்ற கேலிக் கதைகள் ஊர் ஊராக உலவின. உண்மையில் எத்தனை பேர் திருடினார்கள் என்பது வேறு விஷயம்; கட்டாயத்தை விதித்த பிரபுவைத் திட்ட முடியாதவர்கள் கைக்கெட்டிய ஆலைக்காரரைத் திட்டினார்கள் என்பதே பொருத்தமாகப் படுகிறது.

ஆலைக்குத் தண்ணீர் வேண்டும் என்பதால் அது ஆற்றோரம், ஊருக்கு வெளியே இருந்தது. தனித்து வாழ்ந்தவர்களை ஊர் நம்பவில்லை. சில வட்டாரங்களில் தூக்குமரத்துக்கு ஏணி கொடுக்கும் கடமையும் ஆலைக்காரர் தலையில் விழுந்தது. இவை எல்லாம் சேர்ந்து, ஜெர்மனியின் பல பகுதிகளில் ஆலைத் தொழில் 'மதிப்பில்லாத தொழில்' என்ற வகைக்குள் தள்ளப்பட்டது. சணல்நூல் நெய்பவர், ஆடு மேய்ப்பவர், முடிதிருத்துபவர், குளியலறை நடத்துபவர், சுங்கம் வசூலிப்பவர், குழல் ஊதுபவர் ஆகியோரும் அதே வகையில் இருந்தார்கள். இது வெறும் ஏச்சுப் பேச்சல்ல. தொழிற்சங்கங்கள் இவர்களின் பிள்ளைகளை வேலை பழகச் சேர்த்துக்கொள்ள மறுத்தன. தச்சராகவோ பொற்கொல்லராகவோ ஆக நினைத்த ஆலைக்காரரின் மகனுக்கு, அப்பாவின் தொழிலைக் காரணம் காட்டிக் கதவு அடைக்கப்பட்டது. அந்தக் குடும்பத்தில் பெண் எடுத்தவரின் சங்க உரிமைக்கும் ஆபத்து வரலாம்.

1548ல் பேரரசின் சட்டம் ஒன்று இந்தத் தொழில்களைச் செய்வோரின் பிள்ளைகளைச் சங்கங்கள் ஒதுக்கக் கூடாது என்றது. ஆலைக்காரர்களையும் அது பெயர் சொல்லிக் குறிப்பிட்டது. 1577ல் அதையே மறுபடியும் சொல்ல வேண்டி வந்தது. 1731ல் கைத்தொழில் சங்கங்களுக்கான சட்டத்தில் இன்னொரு முறை. ஒரே கட்டளையைப் பேரரசு இருநூறு ஆண்டுகளுக்குள் மூன்று முறை பிறப்பித்ததிலிருந்தே, சங்கங்கள் அதை எவ்வளவு மதித்தன என்று தெரிந்துகொள்ளலாம்.

அந்தப் பட்டியலை இன்றைய பெயர் வரிசையோடு ஒப்பிட்டால் சுவையான ஒன்று தெரிகிறது. ஆலைக்காரரின் முல்லர் முதலிடம். நெசவாளரின் வெபர் முதல் பத்துக்குள். ஆடு மேய்ப்பவரின் ஷேஃபர் முதல் இருபதுக்குள். ஒரு காலத்தில் சங்கத்தின் வாசலில் தடுக்கப்பட்ட தொழில்களின் பெயர்களில் இன்று அமைச்சர்களும் பேராசிரியர்களும் இருக்கிறார்கள். இது சாத்தியமானதற்கு ஒரு காரணம், பெயருக்கும் தொழிலுக்கும் இடையிலான கயிறு சீக்கிரமே அறுந்ததுதான். பெயரைக் கேட்டு அந்தக் குடும்பம் இன்று என்ன செய்கிறது என்று சொல்ல முடியாமல் போனது. மாக்ஸ் முல்லரின் தந்தை வில்ஹெல்ம் முல்லர் ஒரு கவிஞர். ஆலைக்காரரின் மகள் மீது காதல் கொண்ட வேலைக்காரப் பையனைப் பற்றி அவர் எழுதிய கவிதைத் தொடருக்கு 1823ல் ஷூபர்ட் இசையமைத்தார். இன்றும் அது மேடைகளில் பாடப்படுகிறது. முல்லர் என்ற பெயருடையவர் ஆலையைப் பாடியது பொருத்தம்தானே என்று தோன்றும். ஆனால் வில்ஹெல்மின் தந்தை ஒரு தையற்காரர்.

எத்தனை முல்லர்கள்?

ஜெர்மனியின் பெயர் ஆய்வாளர்கள் தொலைப்பேசிப் பதிவேட்டை வைத்தே கணக்குப் பார்த்தார்கள். 2005ஆம் ஆண்டின் வீட்டுத் தொலைப்பேசி இணைப்புகளை அடிப்படையாகக் கொண்டு குடும்பப் பெயர்களுக்கென்றே ஒரு வரைபடத் தொகுதியை உருவாக்கினார்கள். எந்தப் பெயர் எந்த மாவட்டத்தில் எவ்வளவு அடர்த்தி என்று அதில் பார்க்கலாம். இத்தகைய கணக்குகளின்படி முல்லரின் பங்கு சுமார் 0.95 விழுக்காடு, ஷ்மிட்டின் பங்கு சுமார் 0.7 விழுக்காடு. ஆள் கணக்கில் சொன்னால் முல்லர்கள் ஏறக்குறைய 7 லட்சம் பேர்.

இந்த முதலிடத்தில் எழுத்துக்கூட்டலுக்கும் ஒரு பங்கு உண்டு. முல்லர் பெரும்பாலும் ஒரே மாதிரி எழுதப்படுகிறது. கொல்லரின் பெயரோ ஷ்மிட், ஷ்மித், ஷ்மிட்ஸ் என்று பல எழுத்துக்கூட்டல்களில் சிதறிக் கிடக்கிறது. எல்லாவற்றையும் ஒன்றாகக் கூட்டினால் முல்லருக்குக் கடும் போட்டி வந்துவிடும். ஆஸ்திரியாவில் கதை வேறு. அங்கே முதலிடம் க்ரூபர். பள்ளத்தில் குடியிருந்தவர் என்று பொருள். மலை நாட்டில் தொழிலைவிடக் குடியிருந்த இடம் நல்ல அடையாளமாக இருந்தது.

அமெரிக்காவுக்குக் குடியேறிய முல்லர்கள் பலர் அங்கே மில்லர் ஆனார்கள். துறைமுகத்திலும் பள்ளியிலும் யாருக்கும் வாயில் நுழையாத ஒலியைப் பொருள் மாறாத ஆங்கிலச் சொல்லால் மாற்றிக்கொள்வது சுலபமாக இருந்தது. முதலாம் உலகப் போரின்போது ஜெர்மன் பெயரே சந்தேகத்துக்குரியதாகிவிட, இன்னும் சிலர் மாற்றிக்கொண்டார்கள்.

பெயர் அதிகமானால் வரும் தொல்லை

அடையாளம் காட்டத் தோன்றிய பெயர், அளவுக்கு மீறிப் பரவியதால் அடையாளம் காட்ட முடியாத பெயராகிவிட்டது. தமிழில் குப்பன், சுப்பன் என்று சொல்வது போல ஜெர்மானியர்கள் சாதாரண மக்களைக் குறிக்க 'முல்லர், மாயர், ஷுல்ஸ' என்பார்கள். சராசரிப் பெண்மணிக்கு 'லீஸ்ஷென் முல்லர்' என்றே பெயர்.

இதிலிருந்து தப்ப முல்லர்கள் பல வழிகளைத் தேடினார்கள். 1436ல் பிறந்த வானியல் அறிஞர் யோஹானஸ் முல்லரை உலகம் அவருடைய ஊர்ப் பெயரால்தான் அறியும்: ரெகியோமொன்டானஸ். பிறந்த ஊரான கேனிஷ்பெர்க், அதாவது அரசனின் மலை, லத்தீனில் அப்படி ஆனது. 1920லும் பின்னர் 1928 முதல் 1930 வரையிலும் ஜெர்மனியின் பிரதமராக இருந்த ஹெர்மன் முல்லரை, நாடாளுமன்றத்தில் இருந்த மற்ற முல்லர்களிடமிருந்து பிரித்துக் காட்ட, தொகுதிப் பெயரைச் சேர்த்து 'முல்லர் ஃபிராங்கன்' என்றார்கள். இங்கிலாந்தில் குடியேறி ஆக்ஸ்ஃபோர்டில் ரிக் வேதத்தைப் பதிப்பித்த ஃபிரீட்ரிஷ் மாக்ஸ் முல்லர், வெறும் முல்லர் என்றால் கூட்டத்தில் கரைந்துவிடுவோம் என்று கருதித் தம் இடைப்பெயரான மாக்ஸையும் குடும்பப் பெயரோடு இணைத்துக்கொண்டார். அந்த யோசனை பலித்தது. ஒருமுறைகூட இந்தியாவுக்கு வராத அவரது பெயரில்தான், சென்னை உட்பட இந்திய நகரங்களிலுள்ள ஜெர்மன் பண்பாட்டு மையங்கள் 'மாக்ஸ் முல்லர் பவன்' என்று அழைக்கப்படுகின்றன.

ஜெர்மனியில் குடும்பப் பெயரை மாற்றுவது எளிதல்ல. பிடிக்கவில்லை என்பது மட்டும் காரணமாகாது. ஆனால் முல்லர், ஷ்மிட் போன்ற பெயர்களுக்கு ஒரு சலுகை உண்டு. ஆளை அடையாளம் காட்டும் திறனை இழந்த கூட்டுப் பெயர்கள் என்று அரசாங்க விதிமுறை இவற்றை ஏற்றுக்கொள்கிறது. பெயர் மிக அதிகமாகிவிட்டது என்பதையே காரணமாகக் காட்டி விண்ணப்பிக்கலாம்.

அறிய வேண்டிய சில முல்லர்கள்

காற்பந்தில் கெர்ட் முல்லர் ஜெர்மனிக்காக 62 ஆட்டங்களில் 68 கோல் அடித்தவர். 1974 உலகக் கிண்ண இறுதியாட்டத்தில் நெதர்லாந்தை வீழ்த்திய கோல் அவருடையது. தாமஸ் முல்லர் 2010 உலகக் கிண்ணத்தில் அதிகக் கோல் அடித்தவருக்கான தங்கக் காலணியைப் பெற்று, 2014ல் கிண்ணத்தையும் வென்ற அணியில் ஆடினார். இருவரும் பாயர்ன் மியூனிக் கழகத்துக்கு ஆடியவர்கள். உலகக் கிண்ணத்தில் இருவரும் அணிந்தது 13ஆம் எண். உறவு மட்டும் இல்லை. இலக்கியத்துக்கான 2009 நோபல் பரிசைப் பெற்ற ஹெர்தா முல்லர், ருமேனியாவில் ஜெர்மன் பேசும் சிறுபான்மைச் சமூகத்தில் பிறந்தவர்.

மலேசியாவின் தோட்டப்புறங்களோடு தொடர்புள்ள ஒரு முல்லரும் உண்டு. சுவிட்சர்லாந்தைச் சேர்ந்த வேதியியலாளர் பவுல் முல்லர், டிடிடி பூச்சிகளைக் கொல்லும் என்பதை 1939ல் கண்டறிந்தார்; 1948ல் அவருக்கு மருத்துவத்துக்கான நோபல் பரிசு கிடைத்தது. 1967ல் தீபகற்ப மலேசியாவில் தொடங்கிய மலேரியா ஒழிப்புத் திட்டத்தில் வீட்டுச் சுவர்களில் அடித்த மருந்து அதுதான். அது சுற்றுச்சூழலுக்குச் செய்யும் கேடு பின்னாளில் தெரியவந்து, பல நாடுகள் அதைத் தடை செய்தன.

பெண்களும் பெயரும்

திருமணமான பெண் கணவரின் குடும்பப் பெயரை ஏற்க வேண்டும் என்பது நெடுங்காலம் சட்டமாகவே இருந்தது. மேற்கு ஜெர்மனியில் 1976ல்தான் இருவரில் எவருடைய பெயரையும் குடும்பப் பெயராகத் தேர்ந்தெடுக்கும் உரிமை வந்தது. அப்போதும் தம்பதியர் எதையும் சொல்லாவிட்டால் கணவரின் பெயரே பதிவானது. அது சமத்துவத்துக்கு எதிரானது என்று 1991ல் அரசியல் சட்ட நீதிமன்றம் தீர்ப்பளித்தது. 1994 முதல் இருவரும் அவரவர் பெயரையே வைத்துக்கொள்ளலாம். முன்னாள் பிரதமர் அங்கேலா மெர்க்கல் பிறந்தது காஸ்னர் குடும்பத்தில். மெர்க்கல் என்பது முதல் கணவரின் பெயர். மணமுறிவுக்குப் பிறகும், மறுமணத்துக்குப் பிறகும் அந்தப் பெயரிலேயே தொடர்ந்தார்.

2025 மே 1 முதல் இன்னொரு மாற்றம் நடப்பில் உள்ளது. கணவன், மனைவி இருவரும் தங்கள் பெயர்களை இணைத்து ஒரே இரட்டைப் பெயராக வைத்துக்கொள்ளலாம். பிள்ளைகளுக்கும் அதையே கொடுக்கலாம். இதற்கு முன் இருவரில் ஒருவர் மட்டுமே அப்படிச் சேர்த்துக்கொள்ள முடியும், பிள்ளைகளுக்கு அது போகாது. முல்லர் குடும்பத்தில் பிறந்த பெண் ஷ்மிட் குடும்பத்தில் மணந்தால் இனி வீட்டில் அனைவரும் 'முல்லர் ஷ்மிட்' ஆகலாம். நடுவே இணைப்புக்கோடு போடுவதும் விடுவதும் அவர்கள் விருப்பம்.